வலிக்கு முந்திய தீங்கு

கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 1990களில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காட்டை ஒரு வண்டு தாக்கியது. அரிசி மணி அளவே இருக்கும் மலைப் பைன் வண்டு அது. அறுவை மரமாக விலைபோகக்கூடிய லாட்ஜ்போல் பைன் மரங்களில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. 2006இல் அது ராக்கி மலைத்தொடரைத் தாண்டி அல்பெர்ட்டா மாகாணத்துக்குள் பெருந்திரளாக வந்து இறங்கியது. மரத்தொழில் எவ்வளவு இழந்தது, காட்டுத்தீ கூடுமா, காற்றில் கரியமிலவாயு எவ்வளவு சேரும் என்றெல்லாம் கணக்கிட்டார்கள், கணக்கிட வேண்டியவைதான். நான் எடுத்துக்கொள்வது இவற்றைவிடப் பழைய ஒரு கேள்வியை. அந்த மரங்களுக்குத் தீங்கு நேர்ந்ததா? மரத்தை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு நேர்ந்தது, மரத்தில் கூடுகட்டிய பறவைகளுக்கு நேர்ந்திருக்கலாம். மரத்துக்கு? வலியை அறியாத ஒன்றுக்குக் கெடுதல் என்று ஒன்று இருக்க முடியுமா, அல்லது அப்படிச் சொல்வது நம் இரக்கத்தை அதன் மேல் ஏற்றிச் சொல்லும் பேச்சா?

நம் மரபுகள் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இல்லை. சமணம் மரத்தில் ஜீவன் உண்டு என்றது. தொடுவுணர்வு ஒன்று மட்டும் கொண்ட ஓரறிவுயிர் என்று அதற்கு இடமும் வகுத்தது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் முதற்படியில் வைக்கிறது. சைவ சித்தாந்தத்தின் எழுவகைப் பிறப்பில் தாவரமும் ஒன்று. வினைக்கேற்ப ஆன்மா அங்கும் வந்து தங்கிப்போகும். பௌத்தத்தின் நிலை இவற்றைவிடச் சிக்கலானது. பிக்குகள் செடிகொடிகளைச் சிதைக்கலாகாது என்று விநய விதி தடுக்கிறது. ஆனால் பிறவிச் சுழலில் உயிர் சென்று சேரும் கதிகளில் தாவரத்துக்கு இடமில்லை. பௌத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்றவற்றில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. மரத்தை மதிக்க வேண்டியவற்றின் கூட்டத்துக்குள் அழைத்துக்கொள்ளும்போது, அது ஏதோ ஓர் அளவில் உணர்கிறது என்ற எண்ணமும் கூடவே வருகிறது. அதே எண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்தவர் தத்துவஞானி பீட்டர் சிங்கர். 1975இல் வெளிவந்த ‘விலங்கு விடுதலை’ நூலில் அவர் வைத்த அளவுகோல் துன்புறும் திறன். அது இல்லாத ஒன்றுக்கு நலன் என்பதே கிடையாது. ஆக, மரத்தைச் சேர்த்துக்கொண்டவர்களும் விலக்கியவரும் உணர்வு என்ற ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். பைன் மரத்தின் தற்காப்பை உற்றுப் பார்த்தால் அந்த வாசலே தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மரம் அழுகிறது, பேசுகிறது, பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறது என்று எழுதும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. என் வாதத்துக்கு அந்த வழி உதவாது. தாவரத்துக்கு உணர்வு உண்டு என நிறுவ வருகிறவர்கள் ஜகதீச சந்திர போஸின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. தாவரத் திசு தூண்டலுக்கு மின்னதிர்வால் எதிர்வினை காட்டுவதை அவர் தாமே வடிவமைத்த நுண்கருவிகளால் பதிவுசெய்தார் என்பது உண்மை. ஆனால் 1902இல் அவர் வெளியிட்ட நூல் உயிருள்ளவற்றின் எதிர்வினையோடு உயிரற்றவற்றின் எதிர்வினையையும் சேர்த்துப் பேசுவது. உலோகத்திலும் அதையொத்த அதிர்வுகளும் களைப்பும் தென்படுவதாக அவர் வாதிட்டார். தூண்டினால் துடிப்பது உணர்வுக்குச் சான்று என்றால், தகரத்தையும் நாம் கூட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். எதிர்வினை மட்டும் போதாது. அந்த எதிர்வினையில், அதைக் காட்டும் பொருளுக்கே ஏதாவது பணயமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டு தேடி வருவது பட்டைக்கு அடியில் இருக்கும் உள்பட்டையை. இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்கும் வழி அது. வண்டின் புழுக்கள் தின்று வளர்வதும் அதையே. கோடையில் முதலில் வந்து துளைப்பது பெண் வண்டு. துளை விழும்போது மரத்துக்குள் முன்பே நிரம்பி நிற்கும் பிசின் குழாய்கள் அறுபட, அழுத்தத்தில் இருந்த பிசின் துளை வழியே பாய்கிறது. வண்டு அதில் அமிழ்ந்து சாகலாம், வெளியே தள்ளவும் படலாம். அந்தப் பிசினில் இரண்டு பகுதிகள். எளிதில் ஆவியாகும் டெர்பீன்கள் ஒன்று. டர்பன்டைனின் நெடி அவற்றுடையதுதான். ஆவியாகாமல் தங்கி இறுகும் பிசின் அமிலங்கள் மற்றொன்று. முன்னவை நஞ்சு, பின்னவை காயத்தை அடைக்கும் பூச்சு. இவ்வளவும் தாக்குதலுக்கு முன்பே இருப்பில் உள்ளவை. அதன் பிறகு நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. ஜாஸ்மோனேட் வகைச் சைகைப் பொருட்கள் (மல்லிகை எண்ணெயிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டவை இவை) காயத்தைச் சுற்றியுள்ள செல்களில் வேலையைத் தொடங்கிவைக்கின்றன. சில நாட்களில் அந்த இடத்தில் டெர்பீன்களின் அளவு பல மடங்கு ஏறுகிறது, அவற்றின் விகிதமும் மாறுகிறது. காயத்தைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு பகுதியின் செல்களை மரம் தானே சாகவிடுகிறது. அந்தச் செத்த வட்டத்துக்குள் வண்டுக்கும் அது சுமந்துவரும் பூஞ்சைக்கும் உணவு கிடைப்பதில்லை. அடுத்து உருவாகும் மரக்கட்டையில் புதிய பிசின் குழாய்கள் வரிசையாக அமைகின்றன.

எதிர்த்தரப்பும் சும்மா வருவதில்லை. வண்டின் வாயுறுப்பில் உள்ள நுண்பைகளில் க்ரோஸ்மேனியா என்ற நீலக்கறைப் பூஞ்சை பயணம் செய்கிறது. டெர்பீன் நஞ்சைத் தாங்கிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. மரக்கட்டைக்குள் பரவி நீரோட்டத்தை அடைப்பது அது. வண்டு செய்வதோ இதைவிட வியப்பானது. மரம் தன்னைக் கொல்ல அனுப்பிய ஆல்பா-பைனீனைத் தன் உடலுக்குள் டிரான்ஸ்-வெர்பினாலாக மாற்றி வெளிவிடுகிறது. அந்த மணம் சுற்றுவட்டார வண்டுகளை அதே மரத்துக்கு வரவழைக்கிறது. ஆண் வண்டுகள் வந்து வேறொரு மணத்தைச் சேர்க்க, அழைப்பு இன்னும் வலுக்கிறது. மரம் எவ்வளவு பிசின் கொட்டுகிறதோ அவ்வளவு மூலப்பொருள் எதிரியின் கையில் சேர்கிறது. லாட்ஜ்போல் பைனில் பட்டையின் சதுர மீட்டருக்குச் சுமார் 40 துளைகள் என்ற அளவைத் தாக்குதல் தாண்டினால் தற்காப்பு முறிகிறது என்று ஆய்வாளர்கள் ராஃபாவும் பெரிமேனும் 1983இல் கணித்தார்கள். அதற்குக் கீழே மரம் பெரும்பாலும் பிழைக்கும், மேலே போனால் சாகும். மரம் நிரம்பிவிட்டால் வெர்பினோன் என்ற இன்னொரு பொருள் பெருகி, இனி இங்கே இடமில்லை என்று புதிதாக வரும் வண்டுகளை அடுத்த மரத்துக்குத் திருப்பிவிடுகிறது. வண்டுகள் குறைவாக உள்ள காலத்தில் அவை நலிந்த மரங்களையே நாடும். பெருகிய காலத்தில் கதை மாறுகிறது. அப்போது தடித்த உள்பட்டை கொண்ட, நன்கு தற்காத்துக்கொள்ளக்கூடிய பெரிய மரங்களே அவற்றின் விருப்பம். உணவு அங்கேதான் அதிகம்.

இத்தனை விவரங்களிலிருந்தும் என் வாதத்துக்கு நான் எடுத்துக்கொள்வது மூன்றை. தற்காப்புக்குச் செலவு உண்டு என்பது முதலாவது. பிசினாகும் கரி வளர்ச்சிக்குப் போயிருக்கக்கூடியது. வளர்வதா தற்காப்பதா என்று தாவரங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இந்த நெருக்கடியை ஆய்வாளர்கள் ஹெர்ம்ஸும் மேட்சனும் 1992இல் ஒரு விரிவான கட்டுரையில் அலசினார்கள். அமெரிக்காவின் கிரேட் பேசின் வறண்ட மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும் பிரிஸ்டில்கோன் பைன் மிக மெதுவாக வளர்கிறது, பிசினில் தாராளம் காட்டுகிறது. வண்டுகள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இரண்டாவது, பகுதியைக் கொடுத்து முழுமையைக் காக்கும் ஏற்பாடு. தன் செல்களைத் தானே சாகவிடும் ஒன்றில், எது காப்பாற்றப்படுகிறது என்று கேட்பதற்குப் பொருள் இருக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது: இந்த ஏற்பாடு தவறக்கூடியது, ஏமாற்றப்படவும் கூடியது. ஆய்வாளர்கள் மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பட்டையில் பூசினால், வண்டே வராதபோதும் ஸ்ப்ரூஸ் முதலிய ஊசியிலை மரங்கள் புதிய பிசின் குழாய்களைக் கட்டத் தொடங்குகின்றன. வராத பகைக்கு அது போர்க்கோலம். மலையிலிருந்து உருளும் பாறை எங்கே போய் நின்றாலும் பாறையைப் பொறுத்தவரை அது பிழையான இடம் ஆகாது. மரத்தின் செயலைப் பிழை என்று சொல்ல முடிகிறது என்றால், எதை வைத்து அது பிழையாகிறதோ அந்த அளவுகோல் நம் விருப்பத்தில் இல்லை, மரத்தின் உயிர்வாழ்தலில் இருக்கிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். தற்காப்பு, போர், பகை எல்லாம் மனித வாழ்விலிருந்து கடன் வாங்கிய சொற்கள். துளையிட்டால் குழாயில் நீர் பீறிடுவதுபோலத்தான் பிசினும் பீறிடுகிறது, இதில் தன்னைக் காப்பது எங்கே வந்தது என்பார்கள். முதல் பாய்ச்சலைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் குழாயையும் அழுத்தத்தையும் கட்டிவைத்தது மரம்தான். பிறகு வரும் நாட்களில் நடப்பவற்றை அழுத்தக் கணக்கால் விளக்கவே முடியாது. மரபணுக்கள் விழித்து, நொதிகள் உருவாகி, நஞ்சின் கலவை மாறி, புதிய உறுப்புகள் அமைவது நீர்க்குழாய் செய்யும் காரியம் அல்ல. சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போர், பகை முதலியவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காயம், குணமாதல், நோய், சாவு என்ற சொற்களை நாம் மரத்துக்குக் கடனாகச் சொல்லவில்லை. அவை மரத்தின் விஷயத்தில் நேர்ப்பொருளிலேயே வழங்குகின்றன.

இரண்டாவது மறுப்பு டார்வின் வழியில் வருவது, இன்னும் கூர்மையானது. பிசின் கொட்டிய மரங்கள் அதிகம் விதை விட்டன, மற்றவை அழிந்தன. அவ்வளவுதான், இதில் மரத்தின் பொருட்டு என்று எதுவும் இல்லை, ஆதாயம் மரபணுவுக்கே என்பார்கள். ஓர் ஏற்பாடு எப்படி உருவானது என்ற விளக்கம், அது எதற்கு உதவுகிறது என்பதை அழித்துவிடாது. இயற்கைத் தேர்வால் உருவான கண் இன்றும் பார்ப்பதற்கே பயன்படுகிறது. ஆனால் இந்த மறுப்பில் நான் எளிதில் தள்ள முடியாத ஒன்றும் இருக்கிறது. லாட்ஜ்போல் பைனின் பல காய்கள் பிசினால் ஒட்டி மூடிக் கிடந்து, காட்டுத்தீயின் சூட்டில்தான் திறக்கும். தாய்மரம் எரிந்து சாகும் நாள்தான் அதன் வித்துகளுக்கு நல்ல நாள். தனி மரத்தின் நலனும் அதன் வழித்தோன்றல்களின் நலனும் ஒன்றல்ல என்பதைக் காடே காட்டிவிடுகிறது. மரத்தின் நன்மை என்று பேசும்போது எந்த நன்மை என்று கேட்க வேண்டியிருக்கிறது; கேள்விக்கு எப்போதும் ஒற்றை விடை கிடைக்காமலும் போகலாம். ஆயினும் இரண்டு நன்மைகள் மோதுகின்றன என்பதே, இரண்டில் எதுவும் நன்மை இல்லை என்ற கூற்றுக்கு எதிரான சாட்சியம்.

பிறகு இயந்திரம். குளிர்பதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட்கூட எதிர்வினை காட்டுகிறது, பிழை செய்கிறது, ஏமாற்றப்படுகிறது; அதற்கும் நலன் உண்டா? இல்லை. அந்தப் பிழை யாருடைய கணக்கில் பிழை என்று பார்த்தால் போதும். பெட்டி குளிரவில்லை என்றால் கெட்டுப்போவது நம் பால். தெர்மோஸ்டாட் தன்னை இருக்கவைப்பதற்காக எதையும் செய்வதில்லை. தத்துவஞானி காண்ட் தமது 1790ஆம் ஆண்டு நூலில், இயற்கையில் நோக்கமுடைய பொருளுக்கு உதாரணமாக மரத்தை எடுத்துக்கொண்டது இதனால்தான். மரம் தன் இனத்தைத் தோற்றுவிக்கிறது, தன்னையும் தானே வளர்த்துக்கொள்கிறது. அதன் உறுப்புகள் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. அதை உருவாக்கிய இறைவன் ஒருவன் உண்டு என்று கொண்டாலும் வாதம் மாறுவதில்லை. சிற்பி செய்த சிலை உடைந்தால் இழப்பு சிற்பிக்கு. இறைவன் படைத்த மரம் பட்டுப்போனால் இறைவனுக்கு இழப்பு ஏதும் இருக்க முடியாது. இழந்தது மரம் என்றுதான் ஆத்திகரும் சொல்ல வேண்டிவரும்.

மிகக் கடினமான மறுப்பு சிங்கருடையதே. கல்லைத் தெருவில் உதைத்துக்கொண்டு போவதால் கல்லுக்கு எதுவும் ஆவதில்லை, எலியை உதைத்தால் எலி துன்புறும் என்று அவர் வேறுபடுத்துகிறார். மரத்துக்குச் சாவு நேரலாம், ஆனால் அது மரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. பொருட்படுத்த உள்ளே யாரும் இல்லை. இந்த எடுத்துக்காட்டில் கல்லும் எலியும் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே நிற்கும் மரம் விடுபட்டிருக்கிறது. சரி, மரத்தை நடுவே வைத்தே யோசிப்போம். எலிக்கு ஏன் வலிக்கிறது? கடிபட்ட கால் அழுகினால் எலி சாகும். அதைச் சீக்கிரம் தெரிவிக்கவே வலி என்ற ஏற்பாடு உருவானது. அதாவது கால் அழுகுவது முதலில் கெடுதலாக இருந்தது, வலி பிறகு வந்து அதை அறிவித்தது. தீங்கு என்பது வலி மட்டுமே என்றால், வலி எந்தச் செய்தியைக் கொண்டுவந்தது? அறிவிக்க எதுவுமே இல்லாத ஓர் அறிவிப்பு உயிர்களிடம் இவ்வளவு விரிவாகப் பரவியிருக்க வாய்ப்பில்லை. நரம்புள்ள உயிர்கள் தோன்றுவதற்கு முன்பே உயிர்கள் காயப்பட்டன, நஞ்சை எதிர்த்தன, செத்தன. உணர்வு, ஏற்கெனவே இருந்த நன்மை தீமைகளின் உலகத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்த ஒன்று. அது வந்த பிறகு தீங்கு பன்மடங்கு கொடியதாயிற்று என்பதை நான் மறுக்கவில்லை. எலியின் வேதனைக்கும் மரத்தின் பட்டுப்போதலுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டும் என்பதும் என் வாதம் இல்லை. எடை குறைவு என்பதும் எடையே இல்லை என்பதும் ஒன்றல்ல என்ற அளவில்தான் சிங்கரோடு எனக்கு வழக்கு. சமணரோடும் அதே இடத்தில் ஒரு சிறு வழக்கு இருக்கிறது. மரத்தைக் காக்க அதற்கு ஒரு புலனைக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. புலனற்றது என்று நாளை நிறுவப்பட்டாலும் அதன் நலன் அப்படியே இருக்கும்.

அப்படியானால் வண்டின் நலன்? அதுவும் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. நடுக்குளிர் காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 பாகைக்கு இறங்கினால் பட்டைக்குள் இருக்கும் புழுக்கள் கூட்டமாகச் சாகும். சாகாமல் இருக்க அவை உடலில் கிளிசராலைச் சேர்த்துக்கொள்கின்றன. மரம் பிசினைச் சேர்ப்பதுபோல அதுவும் ஒரு தற்காப்புதான். பைனுக்கும் வண்டுக்கும் நடுவே யார் பக்கம் நியாயம் என்று இந்த வாதம் தீர்ப்பளிக்காது; இருவருமே வழக்கில் தரப்புகள் என்று மட்டும் சொல்லும். சிலருக்கு இது பயனற்ற முடிவாகத் தோன்றும். ஆனால் காட்டைப் பற்றி முடிவெடுக்கும் அறைகளில் பெரும்பாலும் தரப்புகளாக வருபவை அறுவை ஆலை, சுற்றுலா, தீயணைப்பு, கரியமிலவாயு. மரம் அங்கே சரக்கு. நமக்கும் வண்டின் பெருக்கத்தில் பங்கு இருக்கிறது: குளிர்காலங்கள் வெதுவெதுப்பானதால் புழுக்கள் சாகவில்லை, பல பத்தாண்டுகள் தீயை அடக்கிவைத்ததால் ஒரே வயதில் முதிர்ந்த பைன்கள் தொடர்ச்சியாக நின்றன, வறட்சியில் பிசின் குறைந்தது. இரண்டு உயிர்களுக்கு இடையே நெடுங்காலமாக நடந்துவந்த வழக்கில் ஒரு பக்கத்துத் தராசை நாம் அழுத்திவிட்டோம்.

இதை வெண்பட்டை பைனில் தெளிவாகக் காணலாம். வட அமெரிக்க மலைகளின் உச்சிப் பகுதியில் வளரும் மரம் அது. குளிர் பெரும்பாலும் வண்டைத் தடுத்துவந்ததால், லாட்ஜ்போல் பைன் அளவுக்கு வலுவான தற்காப்பு அதற்கு இல்லை. வெப்பம் ஏற ஏற வண்டு மேலேறி வந்தது. வெளியிலிருந்து வந்த கொப்புளத்துரு நோயும் சேர்ந்துகொள்ள, 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று அறிவித்தது. இப்போது வனத்துறையினர் மதிப்பு மிக்க சில மரங்களில் வெர்பினோன் அடைத்த பைகளை அறைந்துவைக்கிறார்கள். இந்த மரம் நிரம்பிவிட்டது என்று வண்டிடம் வண்டின் மொழியிலேயே பொய் சொல்கிறார்கள். அது நல்ல பொய் என்றே நினைக்கிறேன். ஆனால் பைகளைக் காடு முழுவதும் தொங்கவிட முடியாது. மான்டானா பல்கலைக்கழகத்தின் டயானா சிக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பேரழிவில் பிழைத்த வெண்பட்டை பைன்கள் மரபணு அளவிலேயே மற்றவற்றிலிருந்து வேறுபட்டவை என்று கண்டார்கள். பிழைத்தது தற்செயலாக மட்டும் இல்லை. வண்டு சிலவற்றைத் தேர்ந்தது, சிலவற்றை விட்டது. செத்த மரங்களை விற்பதற்காகக் காட்டுக்குள் இறங்கும் வெட்டுப் பணிகளில் நடுவே நிற்கும் பச்சை மரங்களும் சேர்ந்து விழுவதுண்டு, எப்படியும் சாகப்போகிறவை என்ற காரணத்தால். எவை சாகும் என்று அந்தப் பணிக்குழுவுக்குத் தெரியாது. மரத்துக்குச் சொந்தமாக ஒரு நலன் உண்டு என்று ஒப்புக்கொண்டவர், கோடரியை வைக்கும் முன்பு அந்தப் பச்சை மரம் எதனால் தப்பியது என்று கேட்கக் கடமைப்பட்டவர்; ஒப்புக்கொள்ளாதவருக்கு அது கன அடியில் அளந்து ஏற்றவேண்டிய இன்னொரு தடி.